சிகாகோவில் பதிவாகாத குரல்

எங்கள் குமரி மாவட்டத்தில் வருடத்துக்கு இரண்டு தடவை அந்தக் குரல் கைபேசிகளில் சுற்றி வரும். ஜனவரி 12, சுவாமி விவேகானந்தர் பிறந்தநாள். செப்டம்பர் 11, அவர் சிகாகோவில் பேசிய நாள். ‘1893-இல் சுவாமிஜி பேசிய ஒரிஜினல் பதிவு’ என்று தலைப்பிட்டிருப்பார்கள். அமெரிக்கச் சகோதரிகளையும் சகோதரர்களையும் விளித்துத் தொடங்கும் ஆங்கிலப் பேச்சு, அடியில் பழைய பிளேட்டின் கரகரப்பு.

கடலுக்குள் நிற்கும் விவேகானந்தர் பாறையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்திலிருந்து இறங்கி, நாஞ்சில் நாட்டைக் கடந்து குமரிமுனைக்கு வந்தபோது அவருக்கு வயது இருபத்தொன்பது. ஒன்பது மாதம் கழித்து சிகாகோ மேடையில் நிற்கிறார். அந்தத் தொண்டையை ஒருமுறை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதனால்தான் இந்தப் பதிவு எங்கிருந்து வந்தது என்று தேடினேன்.

தேடத் தொடங்கியதுமே ஒன்று தெரிந்தது. எனக்கு வந்து சேர்ந்தவை எல்லாம் ஒரே பதிவு அல்ல. ஒன்றில் கைதட்டல் இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இரண்டிலும் பேசுகிறவர்களே வேறு வேறு ஆட்கள். ஒரே மனிதர் ஒரே உரையை ஒரே நாளில் இரண்டு தொண்டையில் பேசியிருக்க வழியில்லை.

வடசேரியில் பழைய இசைத்தட்டுகள் சேர்த்து வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் உண்டு. கல்யாண வீடுகளுக்குக் கோளாம்பி ஒலிபெருக்கி கட்டிய காலத்து மைக்செட்காரர். அவரிடம் போட்டுக் காட்டினேன். பத்து விநாடிகூடக் கேட்கவில்லை. “முதல் சொல்லு சிஸ்டர்ஸ். அதுல ‘ஸ்’ எவ்வளவு சுத்தமா விழுது, கேட்டியளா? குழாய்ல பேசின பிளேட்டுல அது விழாது. இது மைக்குல பேசினது. கரகரப்பைப் பிறகு தூவியிருக்கான்” என்றார்.

அவர் சொன்னதன் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. மைக் வைத்து, மின்சாரத்தால் ஒலியைப் பதியும் முறை வணிகத்துக்கு வந்தது 1925-இல். அதற்கு முன்பு எல்லாம் குழாய்தான். பேசுகிறவர் ஒரு கூம்புக் குழாயின் வாய்க்கு நேராக முகத்தைக் கொடுத்துக் கத்த வேண்டும். அந்த அதிர்வு ஒரு மெல்லிய தகட்டை ஆட்டும், தகட்டோடு சேர்ந்த ஊசி மெழுகைக் கீறும். ‘ஸ்’ போன்ற உயர்ந்த அதிர்வுகள் பெரும்பாலும் மெழுகு வரை போய்ச் சேர்வதில்லை. வயலினே சரியாக விழாததால், பதிவுக்கென்று உலோகக் குழாய் பொருத்திய வயலினைச் செய்தார்கள். சிகாகோவில் அவர் பேசியது சுமார் நாலாயிரம் பேர் கூடிய மண்டபத்தில், ஒலிபெருக்கி கிடையாத காலத்தில். மேடையில் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவரைத் தூரத்தில் வைத்த குழாய் பிடிக்கவே பிடிக்காது.

‘அப்போது கருவியே கிடையாது’ என்று சிலர் ஒரே போடாகப் போடுகிறார்கள். அது சரியில்லை. எடிசனின் போனோகிராஃப் 1877-இலேயே வந்துவிட்டது. இன்னும் சொன்னால், 1893 சிகாகோ உலகக் கண்காட்சியிலேயே ஒலிப்பதிவு நடந்திருக்கிறது. பெஞ்சமின் கில்மன் என்பவர் அங்கே வந்திருந்த ஜாவா, சமோவா, துருக்கி இசைஞர்களையும் வான்கூவர் தீவின் பழங்குடியினரையும் நூற்றுக்கு மேற்பட்ட மெழுகு உருளைகளில் பதிந்தார். அந்த உருளைகள் இன்றும் இருக்கின்றன. குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று பாடிய பாட்டுகூட அவற்றில் இரைச்சலுக்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கலாகத்தான் ஒலிக்கிறது. 1893 சிகாகோவின் அசல் ஒலி அதுதான். கைபேசிக் குரலோ வானொலிச் செய்தி வாசிப்புபோல் பளிச்சென்று இருக்கிறது. சுவாமி பேசிய சர்வமத மகாசபை நடந்ததும் கண்காட்சித் திடலில் அல்ல, பல மைல் தள்ளி நகரத்துக்குள் இருந்த வேறொரு கட்டடத்தில்.

அடுத்தது கைதட்டல். விளித்த முதல் சொற்களுக்கே இரண்டு நிமிடம் காது செவிடுபடக் கைதட்டினார்கள் என்று சென்னையில் இருந்த அளசிங்கப் பெருமாளுக்குச் சுவாமியே அந்த நவம்பரில் கடிதம் எழுதியிருக்கிறார். அன்றைய மெழுகு உருளையின் கொள்ளளவும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். பதிந்திருந்தால் கைதட்டலோடு உருளை தீர்ந்துபோயிருக்கும்! நம் பதிவுகளிலோ பேச்சு அவ்வளவு நேரம் நிற்பதே இல்லை. அச்சில் இருக்கும் உரையை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிக்கிறது. முன்தயாரிப்பு இல்லாமல், உதறலோடு எழுந்தேன் என்று அவரே சொன்ன பேச்சு இப்படியா இருந்திருக்கும்?

ஆக, அது பிற்காலத்து வாசிப்பு. அந்த உரையைப் பலர் வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். அதில் குற்றமே இல்லை. வாசித்தவர் பெயரை உதிர்த்துவிட்டுச் சுவாமியின் பெயரை ஒட்டியதுதான் குற்றம். அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் இதைத் திரும்பத் திரும்ப மறுத்தும் ஃபார்வர்டு நிற்கவில்லை.

அப்படியானால் அவர் குரல் எங்குமே பதிவாகவில்லையா? இந்த இடத்தில்தான் தேடல் எனக்கு ருசித்தது. சீடர்கள் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் மைசூர் பற்றிய பகுதியில் ஒரு சிறு குறிப்பு கிடக்கிறது. 1892-இல் மகாராஜா சாமராஜேந்திர உடையாரின் விருந்தினராகச் சுவாமி இருந்தபோது, நினைவுக்காக அவர் குரலை மகாராஜா போனோகிராஃபில் பிடித்து வைத்தார் என்கிறது அது. அதாவது நம் பாறைக்கு வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு. அரண்மனையில் அது பாதுகாக்கப்பட்டாலும் ஒலி எப்போதோ மங்கிவிட்டது என்றும் அதே குறிப்பு சொல்கிறது. மெழுகின் குணம் அப்படி. ஒவ்வொரு தடவை போடும்போதும் ஊசி கொஞ்சம் மெழுகைத் தின்றுவிடும், மிச்சத்தைப் பூஞ்சை தின்னும். ஆசையாகப் போட்டுப் போட்டுக் கேட்டே அழித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

பிறகு அவர் பேச்சைக் காப்பாற்றியது கருவியல்ல, கை. 1895 கடைசியில் நியூயார்க்கில் சேர்ந்த சுருக்கெழுத்தாளர் குட்வின், சுவாமியோடு இந்தியாவுக்கும் வந்தார். 1898 ஜூன் 2 அன்று ஊட்டியில் காலமானார். இன்று நாம் படிக்கும் சொற்பொழிவுகளில் பெரும்பகுதி அந்த ஆங்கிலேயரின் விரல் வழியாக வந்தது. ஊட்டிக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவர் கல்லறை தெரியும்?

வேதனையான கணக்கு ஒன்றும் உண்டு. சுவாமி பேலூரில் மறைந்தது 1902 ஜூலை 4. கிராமஃபோன் கம்பெனியின் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பதிவுக் கருவியை வைத்தது அதே ஆண்டு நவம்பரில். நான்கே மாத இடைவெளி. அன்று பதிந்த பாடகி கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டுகளை அச்சடிப்பது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே லேபிள் மாறிவிடக் கூடாது என்று அந்த ஏற்பாடு. இன்றைய ஃபார்வர்டுக் குரல்களுக்கும் இந்த வழக்கம் இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 11-க்கு அந்தப் பதிவு உங்களுக்கும் வரும். அனுப்ப ஆசைப்பட்டால் ‘வாசிப்பு’ என்று ஒரு சொல் சேர்த்து அனுப்புங்கள். வீட்டுப் பரணில் பழைய மெழுகு உருளையோ பிளேட்டோ கிடந்தால் ஊசி வைத்துப் பார்க்காதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் சேர்த்த புத்தகங்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டிலேயே விட்டுவைத்ததால் உருவான இடம் அது. பழைய இசைத்தட்டுகளையும் சேர்க்கிறார்கள். முதலில் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.