தலைவர் வீட்டுக் கொட்டகையில் நின்ற பவர் டில்லர்

"குழு ஆரம்பிச்சா கவர்ன்மென்ட்டுல எவ்வளவு சார் தருவாங்க?" கிராமக் கூட்டங்களில் எனக்கு வரும் முதல் கேள்வி இதுதான். பதில் சொல்கிறேன். அதற்கு முன் நான் செய்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன்.

2017-18-ல் தமிழக அரசின் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தது. சிறு, குறு விவசாயிகள் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அதற்குப் பண்ணைக் கருவிகள் வாங்க 5 லட்சம் ரூபாய். இலக்கை முடிக்கும் அவசரத்தில், சிட்டா நகலையும் ஆதார் நகலையும் வாங்கி, ஒரே வாரத்தில் 100 பேரைச் சேர்த்துவிட்டேன். பவர் டில்லர் வந்து இறங்கியது. போட்டோவும் எடுத்தோம்.

ஆறு மாதம் கழித்துப் போனால், டில்லர் தலைவர் வீட்டு மாட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பெல்ட் அறுந்துவிட்டது, மாற்றக் குழுவிடம் காசில்லை. வாடகையே வசூலிக்கவில்லை. தலைவருக்கு வேண்டியவர்கள் சும்மா ஓட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் கேட்கக் கூச்சப்பட்டு, வெளியே வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். அரை ஏக்கர் வைத்திருக்கும் ஓர் அம்மா, "நானும் அந்தக் குழுவுல இருக்கேனா சார்?" என்றார். அவரிடம் கையெழுத்து வாங்கியதே நான்தான்.

அடுத்த ஊரில், கருவி வருவதற்கு முன்பே நான்கு கூட்டம் போட்டோம். மணிக்கு என்ன வாடகை, டீசல் யார் செலவு, யாருக்கு முதலில் என்று தீர்மான நோட்டில் எழுதினோம். தலைவர் ஓட்டினாலும் வாடகை உண்டு என்பதை முடிவு செய்யவே இரண்டு கூட்டம் போனது. நல்ல சண்டை!

இனி கேள்விக்கு வருகிறேன். 2020-ல் மத்திய அரசு தொடங்கிய 10,000 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் திட்டத்தில், ஒரு நிறுவனத்தின் நிர்வாகச் செலவுக்கு மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய். நீங்கள் போடும் பங்குத்தொகைக்கு ஈடாக, உறுப்பினருக்கு 2,000 ரூபாய் வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமல் பங்கு மானியம். கவனியுங்கள், நீங்கள் 500 போட்டால் அரசும் 500-தான் போடும். மூன்றாண்டு உதவி நின்றதும் மேலாளர் சம்பளம் உங்கள் வியாபாரத்தில்தான் வர வேண்டும். உறுப்பினர்களே உரத்தை வெளியில் வாங்கி, விளைச்சலைக் கமிஷன் மண்டியில் போட்டால் எங்கிருந்து வரும்?

முதல் ஊருக்கும் திரும்பிப் போய்ப் பேசினோம். பெல்ட்டுக்கு ஆளுக்கு 20 ரூபாய் கேட்டோம். 63 பேர் கொடுத்தார்கள். முதலில் கொடுத்தது அந்த அம்மா.