வள்ளத்துக்கு ஒண்டுமில்லை

எனக்குப் பாய் விரித்து ஓடத் தெரியாது. பாய்க்கப்பலில் ஏறினதும் இல்லை. ஆனால் போன மாதம் முழுக்க, ஐம்பது வருசத்துக்கு முதல் வந்த இரண்டு பாய்ப்படகுகளை ஒப்பிட்டுக்கொண்டு இருந்தேன். ஒன்று இங்கிலாந்தில் கட்டின கொன்ரெஸா 32. மற்றது கலிபோர்னியாவில் கட்டின வெஸ்ற்செயில் 32. "என்ன, வாங்கப் போறியோ?" எண்டு நண்பன் சிரிச்சான். வாங்க இல்லை. எனக்கு ஒரு பழைய கணக்குத் தீர்க்க இருந்தது.

தொடக்கம் அன்னபூரணி. வல்வெட்டித்துறையில் கட்டி, எங்கட ஆக்கள் ஓட்டிப்போய் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தில் சேர்த்த கப்பல். அதை வாங்கின ரொபின்சன் என்பவர், அதற்குப் பத்து வருசம் முதல் புறப்பட்டு, சுமார் 32 அடிப் படகொன்றில் உலகத்தைச் சுற்றி வந்தவர். 32 அடி! என்ர சித்தப்பாவின் பைபர் வள்ளம் பதினெட்டரை அடி. அதைவிடக் கொஞ்சம் பெரிய ஒன்றில் சமுத்திரம் தாண்டலாமோ? தேடப்போய்த்தான் இந்த இரண்டிலும் வந்து நின்றேன்.

நீளம் இரண்டுக்கும் ஒன்றுதான். மற்றதெல்லாம் வேறை. கொன்ரெஸாவின் எடை சுமார் 4.3 தொன், அகலம் 9 அரை அடி. ஒடுங்கின, தாழ்வான படகு. எடையில் கிட்டத்தட்டப் பாதி அடியில், ஏராவுக்குள் இருக்கிறது. அதனால் அலை அதைக் கவிழ்த்துப் போட்டாலும் தானாக நிமிரும். சுமார் 155 பாகை வரை, அதாவது பாய்மரம் தண்ணிக்குள் போய்க் கிட்டத்தட்டத் தலைகீழாக நிற்கும் வரைக்கும், திரும்பி எழும்புற பலம் அதுக்கு இருக்கு. காற்றுக்கு எதிராகவும் நல்லா ஓடும். ஆனால் உள்ளே இடம் குறைவு. மேலே இருக்கிறவர் நனைஞ்சுகொண்டே இருப்பார்.

வெஸ்ற்செயில் கிட்டத்தட்ட 9 தொன். அதே நீளத்தில் இரண்டு மடங்கு பாரம். அகலம் 11 அடி. நோர்வேயில் கொலின் ஆர்ச்சர் வரைந்த மீட்புப் படகுகளின் வழி வந்தது. முன்னும் பின்னும் கூர், அடியில் முழு நீளத்துக்கும் ஏரா. உள்ளே ஒரு சின்ன வீடு மாதிரி. வெறும் உடலை வாங்கி, மிச்சத்தை வீட்டு வளவில் வைத்துத் தாங்களே கட்டி முடிச்ச ஆக்கள் கனபேர். மெதுவாக ஓடுறதால் பெயரைத் திரிச்சு 'வெற்ஸ்நெயில்', ஈர நத்தை எண்டு கேலி செய்வினம். ஆனால் அந்தப் பாரம்தான் அலையில் அதைத் துள்ள விடாமல் வைத்திருக்கிறது. உள்ளே இருக்கிற ஆள் களைச்சுப் போக நேரம் எடுக்கும்.

இரண்டுக்கும் தலா ஒரு புயல் இருக்கு.

1979 ஓகஸ்ற், பாஸ்ற்நெற் ஓட்டப்போட்டி. இங்கிலாந்தில் இருந்து அயர்லாந்தின் தெற்கில் உள்ள பாறையைச் சுற்றித் திரும்ப வேணும். 303 படகுகள் வெளிக்கிட்டன, 85 முடித்தன. போட்டியாளர்கள் 15 பேர் செத்துப்போனார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் 58 வெளிக்கிட்டு, ஒன்றே ஒன்றுதான் முடித்தது. அது 'அஸென்ற்' என்ற கொன்ரெஸா 32. அந்தப் புயலில் ஆக்கள் கைவிட்ட படகுகள் 24. அதில் 19 பிறகு மிதந்தபடியே கிடைத்தன. உயிர்காப்பு ராஃப்ருக்கு மாறின சிலர் செத்துப்போக, அவர்கள் விட்ட படகு தப்பியிருந்தது.

1991 ஒக்ரோபர், அத்திலாந்திக். 'சட்டோரி' என்ற வெஸ்ற்செயில் 32இல் மூன்று பேர். படகு தாங்கும் எண்டது உரிமையாளரின் நினைப்பு. கூட வந்த இரண்டு பெண்களுக்கும் அந்த நம்பிக்கை இல்லை. உதவி கேட்டார்கள். அமெரிக்கக் கரையோரக் காவற்படை மூன்று பேரையும் ஹெலிகொப்ரரில் தூக்கியது. ஆளில்லாத படகு தன்பாட்டில் மிதந்து, சில நாளில் மேரிலாந்துக் கரையில் போய் ஒதுங்கியது. பெரிய சேதமில்லை.

இதை வாசிச்ச இரவு எனக்கு நித்திரை வரேல்லை.

எனக்குப் பதினேழு வயது. கார்த்திகை மாதம், வாடைக்காற்று. பருத்தித்துறைக்கு வெளியே சித்தப்பாவின் வள்ளத்தில் இஞ்சின் நின்றுபோச்சு. ஒவ்வொரு அலைக்கும் தண்ணி உள்ளே வந்தது. நான் இறைச்சு இறைச்சுக் கை விறைச்சுப்போனேன். பின்னேரம்போல இன்னொரு வள்ளம் கிட்ட வந்தது. அவர்கள் கயிறு எறிய முதலே நான் அதுக்குப் பாய்ந்துவிட்டேன். சித்தப்பா வரேல்லை. தன்ர வள்ளத்திலேயே இருந்து, கயிறு கட்டி இழுபட்டுக் கரைக்கு வந்தார். அடுத்த நாள் காலமை வள்ளத்தைத் தட்டிக் காட்டிச் சொன்னார்: "பார், வள்ளத்துக்கு ஒண்டுமில்லை." அதுக்குப் பிறகு நான் கடலுக்குப் போகவே இல்லை. அந்த ஒரு வசனம் ஆறு வருசமாக என்னோட இருந்தது. நான் பயந்தாங்கொள்ளி எண்டதுக்கு அந்த வள்ளம்தான் சாட்சி.

பாஸ்ற்நெற் கணக்கு சித்தப்பாவின் பக்கம். வள்ளத்தை விடாதே, அது உன்னைவிடக் கூட நேரம் தாங்கும். இது உண்மை, நான் மறுக்கேல்லை. எட்டிப் பாய்ந்தது பிழை, இரண்டு வள்ளத்துக்கும் இடையில் விழுந்திருந்தால் இதை எழுத நான் இல்லை.

ஆனால் சட்டோரி கரை ஒதுங்கினதை வைத்து, உதவி கேட்டது பிழை எண்டு சொல்ல ஏலுமோ? படகு தாங்கினது பிறகுதான் தெரியும். புயலுக்குள் இருக்கிறவைக்குத் தெரியிறது தங்கட கையும் காலும் எவ்வளவு மிச்சம் எண்டதுதான். வள்ளத்துக்கு ஒரு எல்லை, ஆளுக்கு ஒரு எல்லை. இந்த இரண்டு படகிலும் எது நல்லது எண்டு கேட்டால் இப்ப இப்பிடித்தான் சொல்லுவேன்: கொன்ரெஸா கவிழ்ந்தாலும் எழும்புறதை முதல் யோசிச்ச படகு. வெஸ்ற்செயில் உள்ளே இருக்கிற ஆள் களைக்கிறதையும் கணக்கில் எடுத்த படகு. ஆனால் ஆளின் எல்லையை முழுசாக எந்தப் படகிலும் கட்டி வைக்க ஏலாது.

போன கிழமை சித்தப்பாவிட்டை சட்டோரியின் கதையைச் சொன்னேன். வலை பின்னிக்கொண்டு கேட்டார். வள்ளம் தனிய கரைக்கு வந்தது எண்டதும் சிரிப்பார், பழைய வசனத்தைச் சொல்லுவார் எண்டு காத்திருந்தேன்.

"அந்தப் பிள்ளையள் ரெண்டும் தப்பினவையோ?" எண்டு கேட்டார்.

"ஓம் சித்தப்பா."

"அப்ப சரி" எண்டார்.