எல்லோர் கையிலும் இருந்த கூப்பன்

கூட்டுறவுச் சங்கக்கடை அரிசிக்கென்று ஒரு மணம் இருந்தது. அதை நல்ல மணம் என்று எவரும் சொன்னதில்லை. அம்மம்மா அதைச் சுளகில் கொழித்து, கல்லுப் பொறுக்கி, பல தண்ணீர் விட்டுக் கழுவித்தான் உலையில் போடுவா. அப்படியிருந்தும் இன்று கடைக்குப் போய், ஒரு கிலோ அரிசியின் விலையைப் பார்த்து மனம் குன்றும்போதெல்லாம் எனக்கு அந்த அரிசி நினைவுக்கு வருகிறது.

எங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமம் மேற்கில் இருக்கிறது. நான் சிறுமியாக இருந்த காலத்தில், ஒவ்வொரு வீட்டிலும் ஆளுக்கொரு பங்கீட்டுக் கூப்பன் புத்தகம். எனக்கும் ஒன்று இருந்தது. கிழமைக்கு ஒரு கூப்பன், கூப்பனுக்கு ஒரு கொத்து அரிசி, அதுவும் காசில்லாமல். வெங்காயத் தோட்டக்காரர், வாத்தியார், சீவல் தொழிலாளி, கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவரின் மனைவி என்று எல்லோரும் உமலோடும் சாக்குப் பையோடும் அந்த ஒரே கடைக்குத்தான் வந்தார்கள். வசதியான வீட்டார் சிலர் தங்கள் பங்கை வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் புத்தகம் அவர்களுக்கும் இருந்தது. அதை வைத்திருப்பது எவருக்கும் வெட்கமாக இருக்கவில்லை.

நான் ஏங்குவது இதற்காகத்தான். அந்த அரிசியை வாங்க எவரும் தன்னை ஏழையென்று நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த உரிமை லேசில் வந்ததல்ல. 1942இல் உலகப்போர் நெருக்கடியில் பங்கீடு தொடங்கியது. போர் முடிந்த பிறகும் சனம் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது, ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடு முழுவதும் ஹர்த்தால் வெடித்தது. சில வாரங்களில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அவரே மீண்டும் ஆட்சிக்கு வந்து, 1966 இறுதியில் இரண்டு கொத்தை ஒன்றாகக் குறைத்தபோது, அந்த ஒன்றை இலவசமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. சோற்றில் கைவைத்தால் ஆட்சி நிலைக்காது என்று ஆள்பவர்களும் அறிந்திருந்த காலம் அது. பெரிய வருமானம் இல்லாத இந்தத் தீவில் மக்கள் இவ்வளவு நீண்ட ஆயுளோடு வாழ்ந்ததற்கு, இலவசக் கல்வி, இலவச மருத்துவத்தோடு அரிசி மானியமும் காரணம் என்று அமர்த்தியா சென் போன்ற பொருளியலாளர்கள் பின்னாளில் எழுதினார்கள்.

அரசாங்கம் அரிசியைத் தந்தது. ஆனால் அதை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது சங்கம். யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு என்பது வெறும் கடையாக இருக்கவில்லை. வீரசிங்கம் போன்ற ஆசிரியர்கள் அதை ஓர் இயக்கமாகவே வளர்த்தார்கள். நகரத்தில் அவர் பெயரில் மண்டபம் இன்னும் நிற்கிறது. எங்களுக்குப் பக்கத்து ஊரான மூளாயில் 1936இலேயே கூட்டுறவு ஆஸ்பத்திரி எழுந்தது. சாதாரண சனம் பங்குப்பணம் போட்டு, தங்கள் வருத்தத்துக்குத் தாங்களே ஒரு வைத்தியசாலை வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்களே, அந்தத் துணிவை எண்ணிப் பார்க்கிறேன்.

சங்கக்கடை மனேச்சருக்கு எல்லா வீடும் தெரியும். ஒரு கிழமை ஒரு வீட்டுக் கூப்பன் வராவிட்டால் அவர் கவனிப்பார். "ஆச்சி இந்தக் கிழமை அரிசி எடுக்கேல்லை. என்னெண்டு ஒருக்காப் போய்ப் பார் பிள்ளை" என்று வரிசையில் நிற்கும் யாரிடமாவது சொல்லிவிடுவார். தனியே இருந்த கிழவிக்குக் காய்ச்சல் என்று ஊர் அறிந்தது அப்படித்தான். பிறகு கஞ்சி போகும், பரியாரியார் போவார். இதை எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கிழமைக்கு ஒரு தரம் எல்லோரும் ஓரிடத்துக்கு வர வேண்டியிருந்ததால், வராதவரை ஊர் தேடியது.

அக்காலத்தில் எல்லாம் நிறைவாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 1970களின் நடுவில் உலகச் சந்தையில் தானிய விலை ஏறி, பாணுக்கு விடியற்காலையிலிருந்து வரிசை நின்றோம். இறக்குமதி நின்றதால் எங்கள் பக்கத்து மிளகாய், வெங்காயத் தோட்டக்காரர்கள் தலைநிமிர்ந்தார்கள். அதே ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் எங்கள் சகோதரர்கள் பசியால் செத்தார்கள். கூப்பனில் சாதி எழுதியிருக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஊர்த் தேநீர்க்கடைகளின் கதவு எல்லோருக்கும் திறக்க, 1960களில் மனிதர்கள் அடிவாங்கிப் போராட வேண்டியிருந்தது.

அந்தப் புத்தகம் எங்களிடமிருந்து சிறிது சிறிதாகத்தான் போனது. முதலில் வருமான வரி கட்டுபவர்களுக்கு நின்றது. 1978 தொடக்கத்தில், மாத வருமானம் 300 ரூபாவுக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு மட்டும் என்றானது. 1979இல் அரிசியே போய், உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட தொகை அப்படியே இருக்க, விலைவாசி ஏறிக்கொண்டே போனது. சில ஆண்டுகளில் அதன் பெறுமதி பாதியாகிவிட்டது. அதற்காக எந்த ஹர்த்தாலும் நடக்கவில்லை. வரிசையில் வாத்தியாரும் உத்தியோகத்தர் வீட்டாரும் இல்லாமற் போனபின், குரல் எழுப்ப வறியவர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். ஏழைகளுக்கென்று ஒதுக்கியதை அரித்தெடுப்பது எவ்வளவு சுலபம் என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

யுத்தத்தில் பொருளாதாரத் தடை வந்து சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் அரிதானபோதும், நிவாரணத்தைப் பங்கிட்டது பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள்தான். 2009க்குப் பிறகு வீதிகள் திறந்தன. அந்த வீதிகளால் நுண்கடன் நிறுவனங்களும் வந்தன. கணவரை இழந்த பெண்களின் படலையில், கிழமைத் தவணை வாங்க மோட்டார் சைக்கிளில் ஆள் நின்றான். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. அதே வயதுப் பெண் அன்று கிழமைக்கு ஒரு தரம் சங்கக்கடைக்குப் போனாள், அரிசி வாங்குவதற்காக.

2022இல் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டபோது, கடையில் பால்மாவைக் கையிலெடுத்து, விலையைப் பார்த்துத் திரும்ப வைத்த தாய்மாரைக் கண்டேன். அடுத்த ஆண்டு அஸ்வெசும என்ற அரச உதவித் திட்டம் வந்தது. மின்சாரக் கட்டணம் எவ்வளவு, சுவர் எதனால் கட்டியது, வீட்டில் என்னென்ன பொருள் என்று 22 அளவுகோல்களால் வறுமையை அளக்கிறார்கள். தகுதி பெற்றவருக்கு வங்கிக் கணக்கில் காசு விழுகிறது. அந்தக் காசு பல வீடுகளில் அடுப்பெரிய வைக்கிறது. அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பட்டியலில் பெயர் வராதவள், பெயர் வந்த அயலவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறாள். ஒரு கிழவி காசெடுக்க வங்கிக்குப் போகாவிட்டால், அதைக் கவனிக்க அங்கே எவருக்கும் அவளைத் தெரியாது.

பழைய புழுங்கல் மணத்தை எவரும் திருப்பிக் கேட்கத் தேவையில்லை. எல்லோருக்கும் ஒரே அளவு என்ற ஏற்பாட்டைத்தான் நாங்கள் கேட்க வேண்டும். பிள்ளையின் பாலும் கிழவரின் மருந்தும் வீட்டின் அரிசியும், உள்ளவர் இல்லாதவர் என்று பிரிக்காமல், பிறந்தவர் எல்லோருக்கும் உரியவை ஆக வேண்டும். உள்ளவரிடம் அதை வரியாகத் திரும்ப வாங்கலாம். வாத்தியாரும் தோட்டக்காரரும் மீண்டும் ஒரே வரிசையில் நின்றால், அந்த வரிசையைக் குறைக்க எந்த அரசாங்கமும் பயப்படும்.