நூரம்பர்க் கண்டேன்

பவேரியா மாநிலத்தில், பெக்னிட்ஸ் ஆற்றின் இரு கரையிலும் அமைந்த பழம்பதி நூரம்பர்க். ஊரைச் சூழ்ந்த மதிலில் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் இன்றும் நிற்கின்றது. வடகோடியில் மணற்பாறைமேல் சக்கரவர்த்திகளின் கோட்டை. அதனுள்ளே ஏறத்தாழ 50 மீட்டர் ஆழமுள்ள கிணறு. வழிகாட்டி ஒரு குவளை நீரை ஊற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்கச் சொல்கிறார். ஓசை மேலே வரச் சில நொடிகள் செல்கின்றன.

பழமை தோன்றும் வீடுகளுள் பல உண்மையில் புதியவை. 1945 ஜனவரி 2ஆம் நாள் இரவு விழுந்த குண்டுகளால் பழைய நகரின் பெரும்பகுதி தரைமட்டமாயிற்று. பின்னர் பழைய தெருக்களின் போக்கிலேயே மீண்டும் கட்டினர்.

சந்தை மைதானத்தில் நண்பகலில் பெருங்கூட்டம். மாதா கோயில் முகப்புக் கடிகாரத்தில் ஏழு பிரபுக்களின் பதுமைகள் சக்கரவர்த்தி நான்காம் சார்லஸை மும்முறை வலம் வருகின்றன. அழகுதான். ஆனால் அக்கோயில் நிற்பது யூதரின் தொழுகைக்கூடம் இருந்த மனையில். 1349இல் அக்குடியிருப்பை இடிக்க இசைந்தவர் இதே சார்லஸ். அப்போது ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட யூதர் மாண்டனர்.

நம் சங்கத்தில் இரயில்வே குடும்பத்தார் பலராதலின், இரயில்வே காட்சிசாலையைப் பற்றிச் சற்று விரித்தே எழுதுகிறேன். நீராவி எஞ்சின் இழுத்த ஜெர்மனியின் முதல் பயணிவண்டி 1835 டிசம்பர் 7ஆம் நாள் இங்கிருந்து ஃபூர்த் நகருக்கு ஓடியது. தூரம் சுமார் 6 கிலோமீட்டர். ‘ஆட்லர்’ என்னும் எஞ்சின் ஸ்டீபன்சன் தொழிற்சாலையில் செய்தது. ஓட்டுநர் வில்சனும் ஆங்கிலேயரே. நிலக்கரி விலை மிகுதியாதலால் பல நடைகளில் குதிரைகளே வண்டிகளை இழுத்தனவாம்!

ஹிட்லர் கால இரயில்வேயையும் அங்கே மறைக்கவில்லை. 1941 நவம்பர் 29ஆம் நாள் இந்நகரிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் யூதரை ஏற்றிய வண்டி ரீகாவுக்குப் புறப்பட்டது. மீண்டவர் மிகச் சிலரே. இத்தகைய வண்டிகளுக்கு இரயில்வே நிர்வாகம் மூன்றாம் வகுப்புக் கட்டணம் விதித்தது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இலவசம். பத்து வயதுக்குட்பட்டோர்க்கு அரைக் கட்டணம். நானூறு பேருக்கு மேற்பட்டால் கூட்டச் சலுகை. பயணிகளுக்கு ஒருவழிக் கட்டணம். காவலர்க்கு மட்டும் போகவர. நாள்தோறும் கட்டண அட்டவணையைப் புரட்டும் எனக்கு அந்தக் கணக்கின் ஒழுங்குதான் நெஞ்சை அறுத்தது. எங்கோ ஒரு குமாஸ்தா பிழையின்றிக் கூட்டியிருப்பான்.

நாஜித் தலைவர்களை 1945 நவம்பர் முதல் விசாரித்த 600ஆம் எண் நீதிமன்ற அறையையும் காணலாம். சுரங்க இரயிலில் ஏறி பேரன்ஷான்ஸே நிலையத்தில் இறங்கவேண்டும். 1835இல் அந்த முதல் வண்டி ஓடியதும் ஏறக்குறைய இதே தடத்தில்தான்.