கூரையிலிருந்து தொடங்குங்கள்

கிள்ளான் ஆற்றங்கரையில், அந்த வட்டாரத்தை ஆண்ட ராஜா அப்துல்லா 1850களில் ஒரு மாடிக் கட்டடம் எழுப்பினார். ஈயக் கிடங்கும் குடியிருப்பும் அதுவே. 1857இல் ஆற்றின் மேற்பகுதிக்கு ஈயம் தோண்ட அவர் அனுப்பிய 87 சீனத் தொழிலாளர்களால்தான் கோலாலம்பூர் உருவானது. அந்தக் கோலாலம்பூரே 1880இல் கிள்ளானிலிருந்த சிலாங்கூர் மாநில நிர்வாகத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. 1901இல் கப்பல்களும் ஆற்றுத் துறையை விட்டு முகத்துவாரத் துறைமுகத்துக்குப் போய்விட்டன. ஆனால் பழைய கட்டடங்கள் சில மிஞ்சின.

மிஞ்சியவற்றின் கதி ஒன்றுபோல் இல்லை. ஏ.பி. ஹப்பக் வடிவமைத்த 1909ஆம் ஆண்டு அரசு அலுவலகம் 2007இல் சுல்தான் அப்துல் அசிஸ் அரச காட்சியகமானது. சுல்தான் சுலைமான் பள்ளிவாசலில் 1934 முதல் தொழுகை நடக்கிறது. ராஜா அப்துல்லாவின் கட்டடமோ காவல் நிலையம், ஈய அருங்காட்சியகம் என்று கைமாறி, பிறகு நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. ஆள் புழங்காத கட்டடத்தில் ஓடு நகர்ந்தால் பார்க்க ஆளில்லை.

கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் அந்தக் கவலை குறைவு. கடை முன்னுள்ள அஞ்சடி நடைபாதையில் மல்லிகைச் சரம் தொங்குகிறது; அடுத்த கடையில் முறுக்கு, அதற்கடுத்து சேலை. வாசல் குறுகலானாலும் இந்தக் கடைவீடுகள் உள்ளே நீளமானவை. வெளிச்சத்துக்கு நடுவில் முற்றம் விட்டிருப்பார்கள். சுவர் செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்துச் சுவர் உதிரும். கூரைத் தகரவாரியில் குப்பை அடைத்தால் அரசங்கன்று முளைத்து வேர் சுவருக்குள் இறங்கும். இரண்டையும் முளையிலேயே கவனித்தால் செலவு சொற்பம்.

ஆனால் யார் கவனிப்பது? 1948க்கு முந்தைய கட்டடங்களுக்கு வாடகை உச்சவரம்புச் சட்டம் இருந்தவரை உரிமையாளருக்குப் பழுதுபார்க்க மனமில்லை. 1997இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பிறகு, ஏறிய வாடகை பினாங்கின் ஜார்ஜ் டவுனில் பழைய குடித்தனக்காரர்கள் பலரை வெளியேற்றியது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தகுதி வந்தபின் அங்கே தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. முகப்பு பளபளத்தது, தெருவில் குடியிருந்தவர்கள் குறைந்தார்கள்.

2024 பிப்ரவரியில் கிள்ளான் அரச மாநகரானது. மாநகர் மன்றம் முகப்புக்கு வண்ணம் அடிப்பதற்கு முன், கூரை பழுதுபார்க்கும் உரிமையாளருக்கு மானியம் தரட்டும். அதை வாங்குபவர் சில ஆண்டுகளுக்கு வாடகையை ஏற்றக்கூடாது என்று நிபந்தனையும் போடட்டும். பூக்கடைக்காரர் அங்கேயே இருந்தால், ஒழுகும் கூரையை முதலில் பார்ப்பவர் அவராகத்தான் இருப்பார்.