கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கற்றுத்தரும் தோட்டங்கள்!

லண்டன் விக்டோரியா ரயில் நிலையத்தில் ஏறினால், நதியைத் தாண்டியதும் வருகிறது பேட்டர்ஸீ பார்க். தேம்ஸின் தென்கரையில் 200 ஏக்கரில் விரிந்து கிடக்கும் இந்தப் பூங்கா, 1858-ல் திறக்கப்பட்டது. படகு விடும் ஏரி, நதியைப் பார்த்தபடி நிற்கும் அமைதிக் கோபுரம் என்று சுற்றிப் பார்க்க நிறைய உண்டு. அவற்றுக்கு நடுவே, அவசரமாக நடப்பவர்கள் கவனிக்காமல் கடந்துவிடக்கூடிய தோட்டங்கள் சில இருக்கின்றன. பார்வைக்குச் சாதாரணத் தோட்டங்கள்தான். ஆனால், அங்கே மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் பக்கவாதத்திலிருந்து மீண்டு வருபவராக இருக்கலாம். இன்னொருவர் மாதக்கணக்கில் வீட்டைவிட்டு வெளியே வராமல் மனச்சோர்வில் கிடந்தவராக இருக்கலாம்.

அவர்களை அங்கே 'நோயாளி' என்று அழைப்பதில்லை. 'கிளையன்ட் கார்டனர்' என்கிறார்கள். அதாவது, அவர்களும் தோட்டக்காரர்கள்தான்!

நடத்துவது 'த்ரைவ்' என்ற தொண்டு நிறுவனம். 1970-களின் இறுதியில் கிறிஸ் அண்டர்ஹில் என்பவர் தொடங்கியது. செடி வளர்ப்பதன் வழியாக மனிதர்களைத் தேற்றும் இந்த வேலைக்கு 'தோட்டச் சிகிச்சை' என்று பெயர். மருந்துக்கு மாற்று அல்ல, மருந்துக்குத் துணை.

அனுபவசாலிக்கும் பள்ளிக்கூடம்

லண்டன் பேடிங்டனிலிருந்து வேகமான ரயிலில் சுமார் 25 நிமிடம் போனால் ரெடிங் நகரம். ஆங்கில எழுத்தைப் பார்த்தால் 'ரீடிங்' என்று வாசிக்கத் தோன்றும். உள்ளூரில் ரெடிங்தான். நகருக்குத் தெற்கே பீச் ஹில் என்ற சிறிய கிராமம். சுற்றிலும் வயல், வேலி, மரங்கள். த்ரைவின் தாய்வீடு இங்கேதான். பழைய மதில் சூழ்ந்த தோட்டம் ஒன்றில் சிகிச்சையும் நடக்கிறது. இந்த வேலையைச் செய்பவர்களுக்கான பயிற்சிகளையும் த்ரைவ் நடத்துகிறது.

புதிதாக வருபவர்கள் மட்டும்தான் பயிற்சிக்குப் போவார்கள் என்று நினைத்தால் தவறு. 10, 20 வருடங்கள் இதே வேலையில் ஊறியவர்களுக்கும் இந்தத் துறையில் தனியாக வகுப்புகள் நடக்கின்றன. மண்வெட்டி பிடித்துக் காய்த்த கைக்கு இன்னும் என்ன பாடம் பாக்கி?

முதல் பாடமே அந்தக் கைக்குத்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்பது!

நல்ல தோட்டக்காரரின் கண்ணுக்குக் கோணலாக நட்ட நாற்று உறுத்தும். கை தானாக நீளும். நொடியில் சரிசெய்துவிடுவார். நாற்று நேராகிவிடும், ஆனால், பக்கவாதத்துக்குப் பிறகு முதல்முறையாக ஒற்றைக் கையால் அதை நட்டவரின் முகம் வாடிவிடும். 'என்னால் முடியாது' என்று அவர் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதற்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடும். அனுபவம் கூடக்கூட வேகம் கூடும். வேகம் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும்.

இரண்டாவது பாடம், தெரிந்த வேலையைப் பிரித்துப் பார்ப்பது. ஒரு விதை ஊன்றுவது நமக்கு ஒரே வேலை. பிரித்துப் பார்த்தால், தொட்டியில் மண் நிரப்ப வேண்டும், சமப்படுத்த வேண்டும், குழி போட வேண்டும், விதையை எடுக்க வேண்டும், போட வேண்டும், மூட வேண்டும், தண்ணீர் விட வேண்டும், பெயர் எழுதிக் குத்த வேண்டும். இவற்றில் எந்தப் படியில் எவருக்குத் தடுக்கிறது என்று பார்ப்பதில்தான் திறமை இருக்கிறது. ஒற்றைக் கைக்காரருக்குத் தொட்டி நகராமலிருக்க அடியில் வழுக்காத விரிப்பு போதும். விரல் நடுங்குபவருக்குக் கீரை விதை எமன். சூரியகாந்தி விதை நண்பன். ஞாபகமறதி உள்ளவருக்கு எட்டு படிகளையும் ஒன்றாகச் சொன்னால் குழப்பம். ஒன்று முடிந்தபின் அடுத்ததைச் சொன்னால் போதும்.

மூன்றாவது, பாதுகாப்பு. அரளி விஷம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலேயத் தோட்டங்களில் அழகாக நிற்கும் ஃபாக்ஸ்குளோவும் விஷம்தான். கிடைத்ததை வாயில் வைத்துப் பார்ப்பவர்கள் வரும் இடத்தில் அதற்கு வேலையில்லை. உரமண் மூட்டையை முகத்துக்கு அருகே வைத்துப் பிரிக்கக் கூடாது. அந்தத் தூசியில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி இருக்கலாம். மனநோய்க்கான சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களின் தோல் வெயிலில் சட்டென்று கருகும். இவையெல்லாம் தோட்டக்கலைப் புத்தகத்தில் மட்டும் தேடினால் அகப்படாதவை.

பெயருக்குப் பூட்டு இல்லை

பிரிட்டனில் இசைச் சிகிச்சையாளர், ஓவியச் சிகிச்சையாளர் என்ற பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யாமல் அப்படிப் போட்டுக்கொள்ள முடியாது. தோட்டச் சிகிச்சையாளர் என்ற பெயருக்கு அந்தப் பூட்டு இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம்!

இன்னொரு பக்கம், இந்த வேலையின் பொறுப்பு கூடிக்கொண்டே போகிறது. அரசு மருத்துவ சேவையான என்.ஹெச்.எஸ், தனிமையிலும் மனச்சோர்விலும் வாடுபவர்களைத் தோட்டம், நடைப்பயிற்சி போன்றவற்றுக்கு அனுப்பிவைக்கும் முறையை வளர்த்துவருகிறது. 2021-ல் இயற்கை சார்ந்த இந்த முறை இங்கிலாந்தின் ஏழு பகுதிகளில் சோதனை முயற்சியாகத் தொடங்கியது. அப்படி அனுப்பிவைப்பவர்கள், 'இவர் எப்படி இருக்கிறார்?' என்று திரும்பக் கேட்பார்கள். 'தக்காளி நன்றாகக் காய்த்திருக்கிறது' என்பது அதற்குப் பதில் அல்ல. எத்தனை நிமிடம் நின்றார், யாரிடம் பேசினார், அடுத்த வாரம் தானாக வந்தாரா என்று எழுதிவைக்கத் தெரிய வேண்டும். சட்டம் கேட்காத இடத்தில் மனசாட்சி கேட்கிறது. அனுபவசாலிகள் மறுபடி வகுப்பில் உட்காருவது அதனால்தான்.

சாலிஸ்பரியின் கற்சுவர்கள்

ரெடிங்கிலிருந்து பேசிங்ஸ்டோக்கில் ரயில் மாறினால் சாலிஸ்பரி. 123 மீட்டர் உயரத்தில், பிரிட்டனின் மிக உயரமான தேவாலயக் கூம்பு இங்கே வானைக் குத்தி நிற்கிறது. ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்கப் போகிறவர்களும் இங்கேதான் இறங்குவார்கள். ஊருக்குத் தெற்கே இருக்கும் மாவட்ட மருத்துவமனையில், முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கான சிகிச்சை மையம் உண்டு. மாதக்கணக்கில் அங்கேயே தங்க வேண்டியவர்கள் அவர்கள்.

ஹொரேஷியோ சாப்பிள் என்ற பள்ளி மாணவர் விடுமுறையில் அங்கே தொண்டு செய்யப் போனார். அவருடைய அப்பா அங்கே முதுகுத்தண்டு அறுவை மருத்துவர். நோயாளிகளுக்குச் சக்கர நாற்காலியோடு போய் வர வெளியே ஓர் இடமில்லை என்பதைக் கவனித்தார். என்ன வேண்டும் என்று அவர்களிடமே கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார். 2011 ஆகஸ்டில், ஆர்க்டிக்கின் ஸ்வால்பார்டு தீவுகளுக்குப் பயணம் போன இடத்தில் பனிக்கரடி தாக்கி இறந்துபோனார். வயது 17. குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து, மறுவருடமே அவர் நினைத்த தோட்டத்தைத் திறந்தார்கள். கிளீவ் வெஸ்ட் வடிவமைத்த அந்தத் தோட்டத்தில், தாழ்வான கற்சுவர்கள் முதுகெலும்பை நினைவூட்டியபடி நிற்கின்றன. பாதைகளில் சக்கர நாற்காலி மட்டுமல்ல, கட்டிலையே தள்ளிக்கொண்டு வரலாம். பிறகு கிளாஸ்கோ, ஸ்டோக் மேண்டவில், ஆஸ்வெஸ்ட்ரி, கார்டிஃப் என்று பல ஊர்களிலும் ஹொரேஷியோ பெயரில் தோட்டங்கள் வந்துவிட்டன.

இங்கே வேலை செய்யும் தோட்டக்காரருக்கு வேறொரு பாடம் காத்திருக்கிறது. அடிபட்ட இடத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்கு முள் கீறியது தெரியாது. வெயிலில் காய்ந்த இரும்பு நாற்காலி சுட்டாலும் தெரியாது. சிலருக்கு வியர்ப்பதே நின்றுபோயிருக்கும். அவருக்காக அடுத்தவர்தான் வெயிலை உணர வேண்டும்.

இலையுதிர் காலத்தில் இதுபோன்ற தோட்டங்களில் ட்யூலிப், டாஃபடில் கிழங்குகளை மண்ணில் புதைப்பார்கள். டிசம்பரில் பகல் வெளிச்சமே 8 மணி நேரம்தான், ஒன்றும் தெரியாது. மார்ச், ஏப்ரலில்தான் பூக்கும். நட்டவர் அதற்குள் வீடு திரும்பியிருக்கலாம். பூவை முதலில் பார்ப்பவர், அந்த வாரம் வந்து சேர்ந்த புதியவராக இருக்கலாம். "இது யார் நட்டது?" என்று அவர் கேட்டால், "உங்களைப் போல இங்கே இருந்துவிட்டுப் போன ஒருவர்" என்று சொல்லலாம். அந்தப் பதிலைச் சொல்ல முடிய வேண்டுமென்றால், அன்று அந்தக் கிழங்கைத் தோட்டக்காரர் தானே நட்டுவிடாமல் இருந்திருக்க வேண்டும்.