ஒன்பது கதைகளும் ஒரு வினாவும்

கலைப்பீடத்துக்கு வரும் மாணவருட் பெரும்பாலானோர் விஞ்ஞானத்தைப் பாடசாலையிலேயே விட்டுவிட்டு வருபவர்கள். அதன் பின்னர் விஞ்ஞானம் என்பது வேறொரு கட்டடத்தில் வேறொரு கூட்டத்தார் பயிலும் ஒன்றாகிவிடுகின்றது. விஞ்ஞானப் புனைகதை என்ற பெயரைக் கேட்டதும் இலக்கியம் கற்பவனிடம் எழும் அலட்சியத்துக்கு இதுவும் ஒரு காரணமாகும். விண்கலமும் இயந்திர மனிதனும் சிறுவர்க்கு உரியவை. வாழ்க்கையின் சிக்கல்களுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்பது அவனது துணிபு. இத்துணிபோடு ‘ஹியூகோ பரிசு பெற்றோர்’ என்னும் ஆங்கிலத் தொகுப்பைக் கையிலெடுக்கும் ஒருவன், அதனை வாசித்து முடித்து மூடி வைக்கும்போதும் அதே துணிபோடு இருத்தல் அரிது. அதற்கான காரணம் ஆராயத்தக்கது.

இத்தொகுப்பு 1962ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் டபிள்டே பதிப்பகத்தாரால் வெளியிடப்பட்டது. தொகுத்தவர் ஐசாக் அசிமோவ். லக்சம்பேர்க்கிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறி, விஞ்ஞானப் புனைகதைக்கென்றே ‘அமேசிங் ஸ்ரோரிஸ்’ என்ற சஞ்சிகையை 1926இல் ஆரம்பித்த ஹியூகோ கேர்ன்ஸ்பாக் என்பாரின் பெயரால் வழங்குவது இப்பரிசு. உலக விஞ்ஞானப் புனைகதை மாநாடு கூடும்போது அதன் உறுப்பினர் வாக்களித்துச் சிறந்த ஆக்கங்களைத் தெரிவு செய்வர். பேராசிரியர் குழுவோ அரசாங்கமோ இதிலே தலையிடுவதில்லை. பணமுடிப்பும் இல்லை, விண்கல வடிவில் அமைந்த சின்னம் ஒன்றே வழங்கப்படும். 1953இல் பிலடெல்பியாவில் முதன்முதலாக இப்பரிசு வழங்கப்பட்டது. 1954இல் எதுவும் வழங்கப்படவில்லை. 1957இல் இலண்டனிலே கதைகளுக்குப் பரிசு இருக்கவில்லை. எனவே 1955 முதல் 1961 வரை, நாவல்கள் நீங்கலாக, பரிசு பெற்ற கதைகள் ஒன்பதே. அவ்வொன்பதையும் ஆண்டு வரிசையில் அடக்கியதே இந்நூல்.

தொகுப்பாளர்கள் பொதுவாகத் தமது தகுதியை நிலைநாட்டவே முன்னுரை எழுதுவர். அசிமோவோ தமது தகுதியின்மையையே தகுதியாகக் காட்டுகிறார். தமக்கு ஒருபோதும் ஹியூகோ கிடைக்கவில்லை. ஆகையால் பரிசு பெற்றோரிடையே பக்கஞ் சாராது நிற்கத் தம்மைவிடப் பொருத்தமானவர் எவருமிலர் என்ற பொருள்பட அவர் நகைச்சுவையாகக் குறைபட்டுக்கொள்கிறார். மறு ஆண்டே, 1963இல், அவருடைய விஞ்ஞானக் கட்டுரைகளுக்காகச் சிறப்பு ஹியூகோ வழங்கப்பட்டது. ஒவ்வொரு கதைக்கும் முன்னால், அதை எழுதியவரைப் பற்றி நண்பரைக் கேலி செய்யும் தொனியில் அவர் சில பந்திகள் எழுதியுள்ளார். ஒருவரையொருவர் நன்கறிந்த ஒரு சிறு உலகத்தின் குடும்பப் பதிவேடு போல இந்நூல் தோன்றுவதற்கு அப்பந்திகளே காரணமாகும்.

ஒன்பது கதைகளும் ஒரே தரத்தனவல்ல. சட்டைப்பின்கள் வளர்ந்து சட்டை கொழுவும் கம்பிகளாகி, அவை மேலும் வளர்ந்து சைக்கிள்களாகும் உயிரினத்தைப் பற்றிய அவ்ரம் டேவிட்சனின் கதை ஒரு கூர்மையான வேடிக்கையே. தான் விரும்பும் கணத்திற் காலத்தை நிறுத்தும் கடிகாரமொன்றைப் பெற்றும், இதைவிட நல்ல கணம் வரும் என்று ஆயுள் முழுவதையும் ஒத்திவைத்துக் கழிப்பவனைப் பற்றிய றொபேட் புளொக்கின் கதை நாட்டார் கதையின் சாயல் கொண்டது. அதில் விஞ்ஞானம் எதுவுமில்லை. முரே லீன்ஸ்ரரின் குறுநாவலில், இயந்திர மனிதரை நம்பிய குடியேற்றம் அழிய, கரடிகளின் துணையோடு வந்தவன் அதே கோளில் உயிர் தப்பி வாழ்கிறான். சுவையான வீரக்கதை, அதற்கு மேல் அதில் தேடவேண்டியது அதிகமில்லை.

எரிக் பிராங் ரசலின் கதையோ அலுவலகமொன்றில் ஒருநாள் இருந்தவர்க்கும் விளங்கும். விண்கலமொன்றின் பொருட்பட்டியலைச் சோதிக்கக் கடற்படைத் தளபதியை ஒத்த உயரதிகாரி வருகிறார். பட்டியலிலே ‘ஓபொக்’ என்றொரு பொருள் உண்டு. அது யாதென எவருக்கும் தெரியாது. தண்டனைக்கு அஞ்சி, விளக்குகள் மின்னும் போலிக் கருவியொன்றைச் செய்து காட்டித் தப்புகின்றனர். பின்னர், கலம் பழுதுபார்க்கப்படுமுன் பொய் வெளியாகிவிடும் என்ற பயத்தில், பறக்கும்போது ஈர்ப்பு விசையால் அது சிதைந்துவிட்டதென அறிவித்துவிடுகின்றனர். உடனே எல்லாக் கலங்களும் தரையிறக்கப்படுகின்றன. உண்மையில் ‘ஓபொக்’ என்பது கலத்தின் உத்தியோகபூர்வ நாயைக் குறித்த சொற்சுருக்கம் தட்டச்சிற் பிழைபட்டதன் விளைவு. நாய் தொடக்கம் முதலே அவர்களின் காலடியிற் கிடந்தது. பொருளைப் பார்க்காது கடதாசியைப் பார்க்கும் அறிவைக் கண்டிக்க இதனினும் சுருக்கமான வழி இல்லை எனலாம்.

இந்நூலின் வலிமை எஞ்சிய ஐந்து கதைகளில் உள்ளது. அவற்றை அடுத்தடுத்து நோக்குமிடத்து ஒரே வினா திரும்பத் திரும்ப எழுவதைக் காணலாம். அறிவு மனிதனிடம் எவ்வழியாக வருகிறது, வரும்போது எதை எடுத்துக்கொண்டு போகிறது என்பதே அவ்வினா. எழுதியவர்கள் கூடிப் பேசி எழுதியவர்களல்லர்; ஆனால் அணுக்குண்டுக்கும் முதல் விண்பயணத்துக்கும் இடைப்பட்ட அக்காலத்தில் இவ்வினா அவர்கள் அனைவரையும் தொட்டிருத்தல் இயல்பே.

ஆதர் சி. கிளார்க்கின் ‘நட்சத்திரம்’ மிகச் சிறியது. 1955இல் வெளிவந்து 1956இற் பரிசு பெற்றது. அதே 1956இலேதான் கிளார்க் இலங்கையிற் குடியேறினார். 2008இற் கொழும்பில் மறையும் வரை அவருக்கு இதுவே இல்லமாயிருந்தது. கதை சொல்பவர் இயேசுசபைத் துறவி. வானியற் பௌதிக அறிஞருமாவார். வெடித்தழிந்த நட்சத்திரமொன்றை ஆராயச் சென்ற கலத்தினர், அதன் கடைசிக் கோளில் ஒரு பெட்டகத்தைக் காண்கின்றனர். வேறு நட்சத்திரங்களுக்குச் செல்லும் வல்லமை பெறாத ஓர் இனம், தன் முடிவை முன்னரே அறிந்து, தன் கலைகளையும் குழந்தைகள் கடற்கரையில் விளையாடும் காட்சிகளையும் அங்கே சேமித்து வைத்து அழிந்திருக்கிறது. துறவி கணக்கிட்டுப் பார்க்கிறார். அந்த வெடிப்பின் ஒளி பூமியை அடைந்த காலமும், பெத்லகேமின் மேலே நட்சத்திரம் தோன்றிய காலமும் ஒன்றே. இங்கே அறிவு தேடிக் கண்டடையப்படுகிறது. கண்டடைந்தவரின் நம்பிக்கையை அது எடுத்துக்கொண்டு போகிறது. மதத்தை இகழும் நோக்கம் ஆசிரியருக்கு இருந்திருப்பினும் கதை அதனோடு நிற்கவில்லை. துறவி பொய்க் கணக்கு எழுதாதவர் என்பதே அதன் உயிர். உண்மையை மறைக்க அவருக்கு எல்லாக் காரணங்களும் இருந்தன, அவர் மறைக்கவில்லை.

டானியல் கீஸின் ‘அல்ஜெர்னனுக்குப் பூக்கள்’ 1960இற் பரிசு பெற்றது. அல்ஜெர்னன் என்பது ஆய்வுகூடத்து எலி. சார்லி கோர்டன் எழுதப் படிக்கத் தடுமாறும் தொழிலாளி. அவனது நுண்ணறிவு ஈவு 68. எலிக்குச் செய்த சத்திரசிகிச்சையை அவனுக்கும் செய்கின்றனர். கதை முழுவதும் அவன் எழுதும் நாட்குறிப்பே. முதலில் எழுத்துப் பிழைகள் நிறைந்திருக்கும் அந்நடை மெல்ல மெல்லத் திருந்தி, மேதையின் நடையாகிறது. ஒருநாள் உணவகத்திற் பணிபுரியும் பையன் ஒருவன் தட்டுகளைப் போட்டுடைக்கிறான். இருந்தோர் அவனது மந்தத்தைக் கண்டு சிரிக்கின்றனர், சார்லியும் சிரித்துவிடுகிறான். மறுகணம் அப்பையனிடம் தன் பழைய முகத்தைக் காண்கிறான். தன்னோடு சிரித்ததாக அவன் எண்ணியிருந்த நண்பர்கள் உண்மையில் தன்னைப் பார்த்தே சிரித்தனர் என்பதை ஏற்கெனவே உணர்ந்தவன் அவன். அவர்களுள் ஒருவனாகத் தானும் ஆகிவிட்டதை அன்று உணர்கிறான்.

பின்னர் எலியின் அறிவு குன்றத் தொடங்குகிறது. தனக்கும் அதுவே நிகழும் என்ற விதியைச் சார்லி தானே ஆராய்ந்து நிறுவுகிறான். எழுத்துப் பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. வாசகன் கண்ணீர் விடும் இடம் அந்தப் பிழைகளே. சஞ்சிகை ஆசிரியர் ஒருவர் மகிழ்ச்சியான முடிவை வேண்டியபோது கீஸ் மறுத்துவிட்டார் என்பது அவர் பிற்காலத்திற் பதிவு செய்த செய்தி. அம்மறுப்புக்கு வாசகருலகம் கடமைப்பட்டுள்ளது. பரிசு வழங்கும்போது இதை எவ்வாறு எழுதினார் என அசிமோவ் வியந்து கேட்க, அது தெரியவந்தால் தமக்கும் சொல்லுமாறும், மீண்டும் அவ்வாறு எழுதத் தமக்கும் ஆசையென்றும் கீஸ் விடையளித்தாராம்.

வோல்ரர் மில்லரின் குறுநாவலில் அறிவு மனிதரிடமிருந்து கருவிக்குப் போய்விடுகிறது. நாடக மேடைகளை இயந்திரப் பொம்மைகள் பிடித்துக்கொள்கின்றன. தன் உருவையும் நடிப்பையும் பதிவு செய்து விற்க மறுத்த பழைய நடிகன் ஒருவன், அதே அரங்கைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருக்கிறான். ஒரே ஒரு முறை மேடையேறுவதற்காகப் பொம்மையொன்றின் பதிவு நாடாவைக் கெடுக்கிறான். 1955இல் இது கற்பனை. 2023இல் அமெரிக்கத் திரைப்பட நடிகர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், தமது உருவையும் குரலையும் கணினி கொண்டு படியெடுப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதும் ஒன்று. எனினும் மில்லர் நடிகனை வெறும் தியாகியாகக் காட்டவில்லை. அவனது பிடிவாதத்தில் தற்பெருமையும் கலந்திருப்பதைக் காட்டுகிறார். அதனாலேயே கதை நாட்பட்டும் பழையதாகவில்லை.

இனி, ஒன்றையொன்று மறுக்கும் இரு கதைகள் உள்ளன. கிளிபோட் சைமக்கின் கதையில், கிராமத்துப் பழம்பொருள் வியாபாரியின் வீடு வேற்றுலகத்துக்கு வாசலாகிறது. அரசாங்கமும் நிபுணரும் திகைத்து நிற்க, பேரம் பேசத் தெரிந்த வியாபாரியும் ஊரார் மந்தன் என இகழும் அவனது அயலவனும் வேற்றுலகத்தாரோடு எண்ணங்களையே பண்டமாற்றுச் செய்யும் வழியைக் காண்கின்றனர். போல் அன்டர்சனின் ‘மிக நீண்ட கடற்பயணம்’ இதற்கு மாறானது. பாய்க்கப்பலில் தம் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட மாலுமிகள், தூரத்துத் தீவொன்றில் விண்கலத்தோடு ஒதுங்கிய வேற்றுலகத்தவனைச் சந்திக்கின்றனர். சிறிது பாதரசம் கிடைத்தாற் போதும். அவன் திரும்பிச் சென்று தன் இனத்தாரின் முழு அறிவையும் கொண்டுவந்து கொடுப்பான். கப்பற் தலைவனோ அக்கலத்தை வெடிவைத்துத் தகர்த்துவிடுகிறான். தன் மக்கள் கண்டுபிடிக்க வேண்டியவற்றைத் தாமே கண்டுபிடிக்கட்டும் என்பது அவன் முடிவு.

அம்முடிவு வீரமானது, ஆயினும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. வந்துசேரும் அறிவில் நோய்க்கு மருந்தும் இருந்திருக்கும். அதைத் தகர்க்கும் உரிமையைத் தலைவனுக்கு அளித்தவர் யார்? மக்களைக் கேளாது மக்களின் சுயமரியாதையைக் காப்பது எத்தகைய காப்பு? அந்நியர் கொண்டுவந்த கல்வியால் நன்மையும் தாழ்வும் ஒருங்கே பெற்ற நாடுகளின் வாசகர், அன்டர்சனின் நாட்டவர் காணாத கோணத்திலிருந்து இக்கதையைக் காண்பர். அவர்களுக்குத் தலைவனின் நியாயமும் புரியும். எரிந்துபோன கலத்தின் இழப்பும் புரியும். சைமக்கின் வியாபாரி காட்டும் வழியே அவர்களுக்கு ஏற்புடையதாகலாம். வாங்குபவன் கொடுக்கவும் ஏதேனும் வைத்திருத்தல் வேண்டும் என்பதே அவ்வழி.

குறைகளையும் கூறுதல் வேண்டும். ஒன்பது கதைகளையும் எழுதியவர் ஆண்களே. எழுவர் அமெரிக்கர், இருவர் ஆங்கிலேயர். ஒன்பதில் ஐந்து ஒரே சஞ்சிகையில், பின்னர் ‘அனலொக்’ எனப் பெயர் மாறிய ‘அஸ்ரவுண்டிங்’கில் வெளிவந்தவை. வாசகர் வாக்கு என்பது நடுநிலையான தராசன்று. வாக்களிக்கக் கூடியவர் யாரென்பதைப் பொறுத்தே அதன் நீதி அமையும். அன் மக்கப்ரி 1968இற் பெற்றதே புனைகதைக்காகப் பெண் ஒருவருக்குக் கிடைத்த முதல் ஹியூகோ. மொழிபெயர்ப்பாக வந்த நாவலொன்று, சீனரான லியு சிசின் எழுதியது, 2015இலேயே பரிசு பெற்றது. எனவே இந்நூலின் உலகம் தன்னை முழு உலகென எண்ணிய ஒரு சிறு உலகமே.

ஆயினும் அச்சிறு உலகத்து வாசகர் தெரிவு செய்தவற்றில் வெற்றியைக் கொண்டாடும் கதைகள் மிகச் சிலவே என்பது கவனிக்கத்தக்கது. யந்திரங்களை நேசித்தவர் எனக் கருதப்பட்ட அவர்கள், நம்பிக்கையிழந்த துறவிக்கும் துடைப்பம் ஏந்திய நடிகனுக்கும் எலியின் புதைகுழிக்குப் பூ வைக்கச் சொன்ன தொழிலாளிக்கும் வாக்களித்தனர். விஞ்ஞானத்தைப் பாடசாலையோடு விட்டு வந்த மாணவன் இந்நூலிலே சமன்பாடுகளைக் கற்கப்போவதில்லை. ஆனால் தான் விட்டு வந்தது வேறு கூட்டத்தாரின் சொத்தன்று என்பதையும், அதன் விளைவுகளைச் சுமக்கப்போகிறவர்களுள் தானும் ஒருவன் என்பதையும் அறிவான். சுமக்கப்போகிறவனுக்கு வினாவெழுப்பும் உரிமையும் உண்டு.